எல்லா அசைக்கும் ஒரே எடை வேண்டாம்

வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதும் செவிலியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் பலர் நாள்தோறும் கையாளும் கருவியைத் 'தெர்மோ மீட்டர்' என்று இரு சொற்களைப் போலப் பிரித்து, 'மீ'யை நீட்டிச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வாயில் அது தர்-மா-மி-டர். இரண்டாம் அசையான 'மா'வில் அழுத்தம் விழ, மற்ற மூன்றும் சுருங்கிவிடுகின்றன. பாரோமீட்டர், ஸ்பீடோமீட்டர் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். சென்டிமீட்டர் மட்டும் இதில் சேராது. அங்கே முதலசையே கனமானது.

நமக்கு இது எளிதில் பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் 'கல்' என்பதையும் 'கால்' என்பதையும் வேறுபடுத்துவது உயிரின் நீளமே. எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்திலோ 'ரெக்கார்ட்' என்பதன் முதலசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் வினைச்சொல். (யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே கொண்டுவர வேண்டாம், 'கட' நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு அசை.)

நீண்ட சொற்களில் அழுத்தம் எங்கே என்பதைப் பெரும்பாலும் விகுதியே காட்டிக்கொடுக்கும். 'ஷன்' என்றோ 'இக்' என்றோ முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். 'அரித்மெடிக்', 'பாலிடிக்ஸ்' போன்ற விலக்குகள் உண்டு. விகுதி மாறினால் அழுத்தமும் இடம்பெயரும்: போட்டோகிராப் என்பதில் முதலசை, போட்டோகிராபர் என்பதில் இரண்டாவது, போட்டோகிராபிக் என்பதில் மூன்றாவது.

என் அனுபவத்தில், அழுத்துவதைவிட அழுத்தாமல் விடுவதுதான் நம்மவர்க்குக் கடினம். எழுத்தில் இருப்பதையெல்லாம் முழுதாக ஒலித்துப் பழகிய நாக்கு, 'கம்ஃபர்டபிள்' என்பதைப் பலர் 'கம்ஃப்-ட-பிள்' என மூன்றே அசையில் முடிப்பதை ஏதோ விழுங்கிவிட்டதாகவே எண்ணுகிறது.

அகராதியில் மேலே தெரியும் சிறு செங்குத்துக் கோடு, தனக்கு அடுத்து வரும் அசைக்கு உரியது. முந்தைய அசைக்கு உரியதென்று தவறாகப் படிப்பவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறேன். அசையைக் கண்டுகொண்ட பின், சொல்லைக் கடைசியிலிருந்து கட்டிவரச் சொல்வேன்: டிக், ஆடிக், பை-ஆடிக், ஆன்டி-பை-ஆடிக். முன்னால் எத்தனை அசை சேர்ந்தாலும், 'ஆ'வின் கனம் மட்டும் குறையக் கூடாது.