சிங்கிள் சைன்-ஆன்: இதில் கையொப்பம் எங்கே வந்தது?

‘ஒற்றைக் கையொப்பம் மூலம் பணியாளர் உதவித் திட்டத்தை அணுகவும்.’ கடலூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அறிவிப்பு இது. ‘சிங்கிள் சைன்-ஆன்’ என்பதற்கான இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

விஷயம் சின்னதுதான். அலுவலகக் கணக்கில் ஒரு தடவை நுழைந்தால் போதும். சம்பளச் சீட்டு, உதவித் திட்டம் தரும் மனநல ஆலோசனை, கடன் ஆலோசனை, குடியை நிறுத்த உதவி எல்லாம் வேறு கடவுச்சொல் கேட்காமல் திறக்கும். ‘இவர் இன்னார்தான்’ என்று அலுவலகக் கணக்கு மற்ற சேவைக்கு உறுதி சொல்கிறது, அவ்வளவே.

‘சைன்-ஆன்’ என்பது வேலைக்குச் சேரும்போது பெயரெழுதிக் கையெழுத்திடுவது. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் ‘அடுத்த மாசம் சைன்-ஆன்’ என்பார்கள். கணினிக்கு வந்ததும் கையெழுத்து கழன்றுவிட்டது, நுழைவது மட்டும் மிச்சம்.

மொழிபெயர்ப்பாளரோ கழன்றதைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார். நம் ஊரில் கையெழுத்து என்றால் என்ன? கடன் பத்திரம், ஜாமீன், ‘வெள்ளைத் தாளில் போட்டுக் கொடுத்துட்டேன்’ என்ற புலம்பல். குடியை நிறுத்த உதவி தேடும் ஒருவர் கையொப்பம் என்று படித்ததும் என்ன நினைப்பார்? எதிலோ மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்றுதானே! ஏற்கெனவே, ‘ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ’ என்ற பயம் வேறு. அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு: ஆலோசகரிடம் பேசுவது இந்த நுழைவு வழியாக நிறுவனத்துக்குப் போகாது, ஆனால் எந்தச் சேவைக்குள் போனார் என்பது அலுவலகக் கணக்கில் பதிவாகலாம். அதையல்லவா தெளிவாக எழுத வேண்டும்?

சரி, ‘ஒற்றை உள்நுழைவு’? கையொப்பத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒற்றைச் செருப்பு என்றால் ஜோடி இல்லாதது. ஒற்றை நுழைவு விசா என்றால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ‘ஒருமுறை நுழைவு’ என்றால் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபியோடு குழம்பும். ‘ஒரே நுழைவு’ என்பதே என் தேர்வு. ‘எல்லாருக்கும் ஒரே வாசல்’ என்கிறோமே, அந்த ‘ஒரே’. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சிலும் கையெழுத்து இல்லை. ‘ஒரே சரிபார்ப்பு’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் அந்த ‘உள்’ எதற்கு? வெளியே யாராவது நுழைவார்களா? ‘லாகின்’ என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியா வைத்திருக்கும் ‘புகுபதிகை’யில் புகுவது சரி, பதிகை மறுபடி பேரேட்டை நீட்டுகிறது. தனித்தமிழில் எனக்கும் பிடிப்பு உண்டு. ஆங்கிலச் சொல்லைத் துண்டுதுண்டாக வெட்டி, துண்டுக்கொரு தமிழ்ச் சொல்லை மாட்டுவதைத் தனித்தமிழ் என்று யார் சொன்னது?