தகரப் பெட்டிக்குள் ஓர் ஏசி

அல்சூரில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற டிரெய்லர் என் மச்சானுடையது. பீன்யாவில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த தகரப் பெட்டி. 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் ஹம்பிக்குப் போய், ராத்திரி அதற்குள்ளேயே படுத்துக்கொள்வதாகத் திட்டம். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஏப்ரலில் பகல் சுட்டாலும் ராத்திரி ஜன்னலைத் திறந்தால் சமாளித்துவிடலாம். ஹம்பிப் பாறைகளோ பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில்தான் திருப்பிக் கொடுக்கும்.

"பழைய விண்டோ ஏசி சும்மாதானே கிடக்கு அத்தான், நம்ம வீட்டு இன்வெர்ட்டர்ல மாட்டிப் பார்ப்போமா?" என்றான்.

பார்த்தோம். மெயினை அணைத்துவிட்டு ஏசியைப் போட்டதும் காற்றாடி ஓடியது. அப்புறம் கம்ப்ரெசர் ஒருமுறை உறுமியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது, வீடே இருட்டு.

தப்பு இன்வெர்ட்டர் மேல் இல்லை. அது 850 விஏ (வோல்ட்-ஆம்பியர்) பெட்டி. 230 வோல்ட்டில் 3.7 ஆம்பியர்தான் தரும். முக்கால் டன் பழைய ஏசி ஓடுவதற்கே 4 ஆம்பியர் கேட்கும். கிளம்பும்போது கேட்பதோ அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு. மோட்டார் சுழன்றுகொண்டிருந்தால், வருகிற மின்சாரத்தை எதிர்த்து அதற்குள்ளேயே ஒரு மின்னழுத்தம் உண்டாகும். அதுதான் ஓட்டத்தை அளவோடு வைக்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது, மின்சாரம் தடையில்லாமல் பாய்கிறது. அரை நொடி விவகாரம்தான், ஆனால் இன்வெர்ட்டரைச் சாய்க்க அது போதும். அணைத்த ஏசியை உடனே மறுபடி போட்டால் நிலைமை இன்னும் மோசம். குழாய்க்குள் வாயு அழுத்தம் இறங்காமல் நிற்கும், கம்ப்ரெசர் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். மூன்று நிமிடம் பொறு என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

இந்தத் தொல்லைக்கு மருந்து இன்வெர்ட்டர் ஏசி. நம் ஊரில் ஒரே பெயரில் இரண்டு சாமான்கள் உலவுவதால் இங்கே குழப்பம் வரும். பேட்டரியின் ஒரே திசை மின்சாரத்தை 230 வோல்ட் மாறுதிசை மின்சாரமாக்குவது வீட்டு இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் ஏசிக்குள் இருப்பது வேறு: வந்த மின்சாரத்தை மறுபடி ஒரே திசையாக்கி, அதிலிருந்து தனக்கு வேண்டிய அதிர்வெண்ணைத் தானே செய்துகொள்கிற பலகை. அது கம்ப்ரெசரை மெதுவாகக் கிளப்பி, மெல்ல வேகம் கூட்டும். குளிர்ந்த பிறகு நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். ஆரம்ப உதை கிட்டத்தட்ட இல்லை. 1,500 வாட் வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். அது சுத்த சைன் அலை, அதாவது மெயின் மின்சாரம் போலச் சீராக ஏறி இறங்கும் அலை, தருவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு பேட்டரி? எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். எனக்கு இது இரண்டாவது கேள்வி. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே சுமந்து கொட்டுகிறது. ஒரு வாட் மின்சாரம் தின்று சுமார் 3 வாட் வெப்பத்தைக் கொட்டும் கூலியாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உள்ளே எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதை.

மச்சானின் பெட்டிக்குச் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 40 சதுர மீட்டர் பரப்பு. வெறும் தகரம் என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 வாட்டுக்கு மேல் கசியும். ராத்திரி 10 டிகிரி வித்தியாசம் வைத்தால் 2,000 வாட்டைத் தாண்டுகிறது. படுத்திருக்கும் மூன்று பேர் ஆளுக்கு 100 வாட் என்று 300. கதவிடுக்குக் காற்று ஒரு 200. முக்கால் டன் ஏசி இழுக்கக்கூடிய மொத்த வெப்பமே 2,640 வாட்தான். ராத்திரி பூராவும் அது மூச்சுப் பிடித்து ஓட வேண்டும்: எட்டு மணி நேரத்துக்கு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 7 யூனிட் மின்சாரம் (1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்).

அதே தகரத்துக்கு உள்பக்கம் 40 மில்லிமீட்டர் பஃப் பலகை (வெப்பம் தடுக்கும் பாலியூரித்தேன் நுரைப் பலகை) ஒட்டினால், 2,000 வாட் 210 வாட்டாகச் சுருங்கும். ஆட்களையும் இடுக்குக் காற்றையும் கூட்டினாலும் 700-தான். ராத்திரிக்கு இரண்டு, இரண்டரை யூனிட்டில் முடிந்துவிடும்.

மிச்சமான நாலரை யூனிட்டை பேட்டரியாக நினைத்துப் பாருங்கள். வீடுகளில் இருக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் பெருக்கினால் 1.8 யூனிட் என்று கணக்கு வரும். அது 20 மணி நேரம் நிதானமாக இறக்கினால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் குறையும், பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் போகும். நம்பி எடுக்கலாம் என்றால் 0.9 யூனிட். 7 யூனிட்டுக்கு எட்டு பேட்டரி, 400 கிலோ! அதை இழுத்துக்கொண்டு ஹம்பிக்குப் போவதற்குக் கார் போதாது, லாரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இன்னொரு ஜாதி. 48 வோல்ட் வகை என்று விற்கும் 100 ஆம்பியர்-மணி பெட்டி ஒன்றில் 5 யூனிட் இருக்கும், அதில் நாலை அஞ்சாமல் எடுக்கலாம், எடை 45 கிலோ அளவில்தான். 12 வோல்ட்டோடு ஒப்பிட்டால் ஆம்பியர் கால்வாசியாகிறது. அதே கம்பியில் சூடாகி வீணாவது பதினாறில் ஒரு பங்காகிறது.

சோலார் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூரையில் 550 வாட் தகடு இரண்டு வைப்பதாகக் கொள்வோம். படுக்கை வாட்டத்தில் கிடக்கும், தூசி படியும், சூட்டில் திறன் இறங்கும் (25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல). நல்ல வெயில் நாளில் நாலு யூனிட் தேறினால் சந்தோஷம். பஃப் ஒட்டிய பெட்டிக்கு அது ராத்திரிக் கணக்கைத் தாண்டும், மீதியில் மத்தியானம் ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட்டலாம். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டால் கூரைக்கு நிழலும் கிடைக்கும். ஒரே ஒரு சங்கடம்: தகட்டுக்கு வெயில் வேண்டும், நமக்கு வண்டியை மரத்தடியில் நிறுத்த ஆசை.

மச்சான் இப்போது ஹம்பியை விட்டுவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் கடற்கரை என்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். அங்கே சூட்டோடு ஈரமும் வருகிறது. காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்துச் சொட்ட வைப்பதற்கு மட்டும் ஏசி கால் யூனிட் அளவு செலவழிக்கும், அறை ஒரு டிகிரிகூட இறங்காமலே. கடற்கரையில் பிள்ளைகள் கதவைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று புதிதாக உள்ளே நுழையும். ஏசிக் குழாயின் கீழே ஒரு வாளி வைத்துக் காலையில் அளந்து பார், பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.