பிரிண்ட் இருட்டாக வருகிறதா? முதலில் மொனிட்டரைப் பாருங்கள்

"அண்ணன், என்ட ஸ்கிரீன்ல நல்ல வெளிச்சமா இருந்த படம், பிரிண்ட்ல ஏன் இருண்டு போச்சு?" மட்டக்களப்பில் படம் அச்சிட்டுக் கொடுக்கும் எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஸ்டூடியோக்காரர்கள் இல்லை. ஆசிரியர், தாதி, வங்கியில் வேலை செய்பவர் என்று, லீவு நாளில் கமராவைத் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்துக்கோ பாசிக்குடாவுக்கோ போகிறவர்கள். தாளில் பிழையா, மையில் பிழையா என்ற சந்தேகத்தோடுதான் வருவார்கள். அந்த ஃபைலை அளந்து சரிசெய்த மொனிட்டரில் திறந்தால், படம் அங்கும் இருட்டாகவே இருக்கும். படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் முழுக்க இருட்டுப் பக்கமான இடப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும்.

கடையில் வாங்கி அப்படியே பூட்டிய மொனிட்டர் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் எரியக்கூடியது. அச்சுக்காகப் படம் திருத்துகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு 80 முதல் 120 நிட் வரைதான். அவ்வளவு பளிச்சென்ற திரையைப் பார்க்கும் கண், படத்தில் வெளிச்சம் கூடிவிட்டது என்று நம்பி எக்ஸ்போஷரைக் குறைக்கச் சொல்லும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பித் தருவது மட்டுமே அதனால் முடியும்.

இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நீங்கள் வழக்கமாகப் பிரிண்ட் பார்க்கும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் நாள் மங்கலாகத்தான் தோன்றும். கண் பழகிவிடும். கையோடு கையாக, இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும், வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அவை ஓடும்போது செய்யும் கலர் வேலை எதுவும் நிலைக்காது.

வெளிச்சத்தைவிட என்னை அதிகம் வருத்துவது தோல் நிறம். பல திரைகள் நீலம் தூக்கலாகத்தான் வருகின்றன. அப்படியான திரையில் நம் ஆட்களின் மாநிறம் வெளிறிச் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். உடனே மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றுவோம். திரையில் சரியாகிவிடும். பிரிண்டில் மணப்பெண்ணின் முகம் செம்மஞ்சளாகிவிடும், சந்தனப் பொட்டு முகத்தோடு கலந்துவிடும், கூறைச் சேலையின் சிவப்பு மடிப்புத் தெரியாமல் ஒரே கட்டியாகிவிடும். கமரா அந்த நிறங்களைச் சரியாகத்தான் பதிந்திருக்கும். திரை சொன்ன பொய்யை நம்பி நாமே அதை மாற்றிவிடுகிறோம். மொனிட்டர் மெனுவில் கலர் டெம்பரேச்சர் என்ற இடத்தில் 'கூல்' என்று இருந்தால் அதை 6500 கெல்வினுக்கோ 'வார்ம்' பக்கமோ மாற்றுவது முதல் வைத்தியம். இடைப்பட்ட வெளிச்சங்கள் எவ்வளவு இருட்டாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் காமா, 2.2 என்று இருக்கட்டும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் 4கே, 144 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். படம் திருத்த முதலில் தேவை, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல். டிஎன் என்ற மற்றொரு வகைப் பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிழல் பகுதி வேறு மாதிரித் தெரியும். அடுத்துக் கேட்க வேண்டியது, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், அதாவது திரைகளுக்குப் பொதுவாக வகுத்த நிறத் தொகுப்பில், எத்தனை சதவீதத்தைக் காட்டும் என்பது. 1996இல் எச்பியும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து உருவாக்கிய இந்த அளவுகோலில்தான் இணையமும் படம் அச்சிடும் பெரும்பாலான லாப்களும் இன்றும் ஓடுகின்றன. 95 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

மலிவு லப்டொப்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது பழைய டிவி நிறவெளி. அந்தக் கணக்கில் எஸ்ஆர்ஜிபியே ஏறக்குறைய 72 சதவீதம்தான். அப்படியென்றால் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலானவை அந்தத் திரையில் வரவே வராது. படுவான்கரை வயலின் இளம்பச்சை அதில் சோர்ந்துபோய்த் தெரியும். உடனே சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, ஏற்றிவிடுவீர்கள். அதே படத்தை நல்ல போனில் பார்க்கிறவருக்குக் கண் கூசும். கருவியால் திரையை அளந்து சரிசெய்யும் கலிப்ரேஷன் செய்தாலும் இது தீராது, இல்லாத நிறத்தை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது. கையில் இருப்பது அப்படியான லப்டொப் என்றால், ஒரு சாதாரண ஐபிஎஸ் மொனிட்டரை அதோடு இணைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடோப் ஆர்ஜிபி, பி3 என்று விரிந்த நிறவெளி காட்டும் மொனிட்டர் பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவருக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை. கலர் நிர்வாகம் தெரியாத, அதாவது படத்தின் நிறத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றத் தெரியாத மென்பொருளில் அது எல்லாச் சிவப்பையும் மிகைப்படுத்திக் காட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறையும் முக்கியம். நம் ஊர் வீடுகளில் சுவருக்குப் பச்சையும் நீலமும் தாராளம். அந்த நிறம் திரையில் விழும், கண்ணையும் பழக்கிவிடும். திரைக்குப் பின்னால் உள்ள சுவர் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் நல்லது. யன்னல் வெயில் திரையில் நேரே படவேண்டாம்.

சரி, இனிக் கலிப்ரேஷன். கண்ணால் பார்த்து ஸ்லைடரை நகர்த்துவது ஓரளவுக்குத்தான். கண் எந்த வெள்ளைக்கும் சில நிமிடத்தில் பழகி அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் தேவைப்படுகிறது. ஸ்பைடர், கலிப்ரைட் என்ற பெயர்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் கருவிகள் கிடைக்கின்றன. மொனிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டுச் சூடாக்கிய பிறகு, கருவியைத் திரையில் ஒட்டித் தொங்கவிட வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு நிறக் கட்டமாகக் காட்டும், கருவி அதை அளக்கும். கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒரு ஐசிசி புரொஃபைல், அதாவது திரையின் நிறத்தைத் திருத்த உதவும் ஃபைல், எழுதப்படும். இலக்காக டி65 வெள்ளை (ஏறக்குறைய 6500 கெல்வின்), காமா 2.2, 100 நிட் என்று கொடுத்தால் போதும். முடிவில் சராசரி டெல்டா ஈ, அதாவது நிற வித்தியாசத்தின் அளவு, 2க்குக் கீழே வந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

ஒரே மொடல் மொனிட்டர் வைத்திருக்கும் இன்னொருவரின் புரொஃபைலை இணையத்தில் இறக்கிப் போடாதீர்கள். ஒரே தொழிற்சாலையில் வந்த இரண்டு திரைகளும் ஒன்றாக இருப்பதில்லை. உங்கள் திரையே ஒரு வருடத்தில் மாறிவிடும். அதனால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கவேண்டும். கருவியின் விலை தனியாளுக்குப் பாரம்தான். கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பக்கத்து நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம். டிஸ்பிளேகல் என்ற கலிப்ரேஷன் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வாவிக்கரை ஈரப்பதம் கருவிக்கு ஆகாது, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

லாப்புக்கு அனுப்பும்போது, அவர்கள் வேறு கேட்காவிட்டால், எஸ்ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்யுங்கள். பெரிய பிரேமுக்கு ஓர்டர் கொடுப்பதற்கு முன் அதே படத்தில் 4க்கு 6 ஒன்று அடித்துப் பாருங்கள். தானாகக் கலர் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு அச்சிடச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் மொனிட்டர் சரியா பிழையா என்று அந்தப் பிரிண்டை வைத்துச் சொல்லவே முடியாது.