கல்விக் கடன் வாங்கிய தம்பி தங்கைகளே, முதல் வருடத்திலேயே வட்டியைப் பாருங்கள்

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். செலவைக் குறை, டீக்கடையில் மிச்சம் பிடி என்று மாணவர்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெயரிலேயே தினமும் ஏறிக்கொண்டிருக்கும் வட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான சார் கட்டணும்?" என்று கேட்பார்கள். தவணை அப்போதுதான் தொடங்கும், சரி. ஆனால் வட்டி, முதல் வருடக் கட்டணம் கல்லூரிக்குப் போன அன்றே ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு வருட இன்ஜினியரிங், வருடத்துக்கு 1 லட்சம், 10 சதவீத வட்டி. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 ரூபாய், தவணை தொடங்கும்போது அசலோடு சேர்ந்துவிடும். ஸ்டேட்மெண்ட்டைக் கையில் வாங்கி, "நாலு லட்சம்தானே சார் வாங்கினோம், இதுல ஏன் அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்னு இருக்கு?" என்று அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது, எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த 5.4 லட்சத்துக்குப் பத்து வருட இஎம்ஐ மாதம் 7,136 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் 4 லட்சத்துக்கு 5,286 ரூபாய்தான். மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம், பத்து வருடத்துக்கு 2,22,000 ரூபாய்.

முதல் வருடம் மாத வட்டி எவ்வளவு? சுமார் 833 ரூபாய். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற பிள்ளைகளுக்கு இது எட்டக்கூடிய தொகைதான். இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500 என்று ஏறும்போது முழுதாக முடியாமல் போகலாம், பாதியாவது கட்டுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கவும் செய்கின்றன, கிளையில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ படித்தால், படிக்கும் காலம் மற்றும் அதற்கடுத்த ஒரு வருட வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. தகுதி இருந்தும் இதை இழக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், காரணம் பெரும்பாலும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டிய ஒரு வருமானச் சான்றிதழ். அதை வாங்கிக் கிளையில் கொடுத்துவிட்டு, மானியத்துக்கு என் பெயர் போயிருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் நேரில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

அப்புறம் போனில் வரும் உடனடிக் கடன் ஆப்கள். ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு என்று எடுத்த 3,000 ரூபாய், முறையான நிறுவனம் கொடுத்ததாக இருந்தால், அதுவும் சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், ஏறும், தாமதமானால் அந்தக் கறையும் பதிவாகும். முறையில்லாத ஆப் என்றால் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைத்து மிரட்டுவான். அப்படி மாட்டிக்கொண்டால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். "உன் அக்கவுண்ட்டைக் கொடு, மாசம் 5,000 தர்றேன்" என்று சீனியரே கேட்டாலும் கொடுக்காதீர்கள், அதில் மோசடிப் பணம் புரண்டால் கணக்கு முடங்கும், போலீஸ் உங்களைத்தான் முதலில் தேடி வரும்.

கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நீங்கள் கட்டாமல் விட்டால் அப்பாவின் சிபிலும் விழும், நாளைக்குத் தங்கைக்குக் கடன் கேட்டு அவர் வரும்போது அது முன்னால் வந்து நிற்கும். படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் தவணை தொடங்குவதற்கு முன்பே கிளைக்கு வந்து சொல்லுங்கள். அவகாசத்தை நீட்டிக்க வழி இருக்கிறது. தவணை நின்று 90 நாள் தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடனாகிவிடும், அதன்பிறகு என்னைப் போன்றவர்கள் கையில் செய்ய அதிகம் இருக்காது.