வெள்ளம் வடிந்த பத்தாவது நாள்

கொழும்பில் மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். கொழும்பை ஒட்டி களனி கங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் வெல்லம்பிட்டியில் அப்போதுதான் தண்ணீர் வாசற்படி ஏறும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். களனி கங்கை மலையிலிருந்து இறங்கி மட்டக்குளி பக்கம் கடலில் சேர்கிறது. மேலே கித்துல்கல, தெரணியகல பக்கம் கொட்டிய மழை இங்கே வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியை நம்பித்தான் எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களின் முன்னேற்பாட்டு வேலை நடக்கிறது.

நாகலகம் வீதியில் ஆற்றின் மட்டத்தைக் காட்டும் அளவுகோல் இன்னும் அடிக்கணக்குத்தான். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். 2016 மே மாதம் அது 7 அடியைத் தாண்டியது. அன்று வானொலியில் அந்த எண்ணைக் கேட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அஞ்சு அடி என்றால் என் வீட்டுக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு ஒரு தோட்டத்தில் (வீடுகள் நெருக்கமாக இருக்கும் குடியிருப்பை இங்கே தோட்டம் என்போம்), பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். எந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, மதில்களில் பெயின்ட்டால் கோடு போட்டோம். இப்போது 5 அடி என்றால் பைப்படி, 6 என்றால் கடை வாசல் என்று அங்குள்ள பிள்ளைகளே சொல்வார்கள். செலவு இரண்டு டின் பெயின்ட்.

அதே தோட்டத்தில் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் ஒரு சீஆர் கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட கொப்பி, இருக்கிறது. எந்த வீட்டில் நடக்க முடியாதவர், யாருக்கு இன்சுலின், யார் எத்தனை மாதக் கர்ப்பம், வெள்ளத்தில் போய்த் தங்கும் பாடசாலையின் சாவி யாரிடம் என்று எல்லாம் அதில் உண்டு. சாவி என்றதும் சிரிக்காதீர்கள். ஒருமுறை நடுராத்திரியில் கைக்குழந்தைகளோடு போய் பாடசாலை கேற்றுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நனைந்துகொண்டு நின்றிருக்கிறோம். சாவி வைத்திருந்தவர் வேறு ஊரில்.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதும் பெரிய விஷயம். சிங்களத்தில் முதலில் வரும், தமிழில் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் எங்கள் தொண்டர்கள் இரண்டு பேர் அதைத் தமிழில் வாசித்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடுகிறார்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாக்களுக்கும் அது போய்ச் சேரும். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு நேரடியாக அழைக்கலாம்.

சரி, வெள்ளம் வந்துவிட்டது. அப்போது என்ன நடக்கும்? எல்லோரும் சோறு கொண்டுவருவார்கள். எங்கள் பிழையையே சொல்கிறேன். ஒரு முகாமுக்கு 300 பார்சல் கட்டிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் பள்ளிவாசலும், ஒரு நிறுவனமும், ஊர் இளைஞர்களும் கொடுத்து முடித்திருந்தார்கள். பின்னேரம் அந்தச் சோறு புளித்துப்போனது. இரவுச் சாப்பாடு கொண்டு ஒருவரும் வரவில்லை. கிராம உத்தியோகத்தருக்கு ஒரு போன் எடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. அன்று அங்கே உண்மையில் இல்லாதது மலசலகூடம். முகாம்களுக்கு ஸ்பியர் என்ற சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு: ஒருவருக்கு நாளைக்கு 15 லீட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். பாடசாலையில் முகாம் போட்டால் அந்தக் கணக்கு முதல் நாளே உதைக்கும். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், அதை வெளியில் சொல்லவும் மாட்டார்கள்.

பத்தாவது நாள் கமெராக்கள் போய்விடும். பார்சலும் நின்றுவிடும். வீட்டுக்குத் திரும்பியவர்கள் முழங்கால் சேற்றில் நிற்பார்கள். என்னைக் கேட்டால் தொண்டு நிறுவனத்தின் உண்மையான வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. சேற்றில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, யார் அதற்கான தடுப்பு மாத்திரை எடுக்கவேண்டும் என்று கேட்டு, வீடு வீடாகச் சொல்லவேண்டும். காய்ச்சல், தசைநோவு என்றால் பனடோலோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவேண்டும். மின்சார மெயின் சுவிட்சை யாரும் அவசரப்பட்டுப் போட்டுவிடாமல் பார்க்கவேண்டும்.

அப்புறம் கடதாசி வேலை. நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் சுவரைக் கழுவ முன்னர் தண்ணீர் நின்ற அடையாளத்தையும் கெட்டுப்போன சாமான்களையும் போனில் படம் எடுத்து வைக்கட்டும். நம்மவர்கள் முதலில் கழுவிவிடுவார்கள், பிறகு ஆதாரம் கேட்டால் முழிப்பார்கள். வாடகைக்கு இருக்கும் மலையகக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். வாக்காளர் பதிவு ஹட்டனில், வீடு வெல்லம்பிட்டியில். நட்டஈட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டுப்போகும். அந்தக் குடும்பங்களோடு பிரதேச செயலகத்துக்குப் போய் படிவம் நிரப்பிக் கொடுக்க எங்களில் ஒருவர் ஒரு நாள் முழுக்க மினக்கெடவேண்டும். அதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் லைக் போடமாட்டார்கள்.

போன வெள்ளத்துக்குப் பிறகு தையல் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். உலர் உணவுப் பொதி மூன்று வந்திருந்தது அவருக்கு. அவர் மெசினைக் காட்டினார். மோட்டருக்குள் சேறு.

"இத செஞ்சு குடுத்தா அரிசிய நானே வாங்கிக்குவன் தம்பி" என்றார்.

மோட்டர் மாற்றிக் கொடுத்தோம். இரண்டு கிழமையில் பாடசாலைச் சீருடை ஓடர் எடுத்துவிட்டார்.

உதவ நினைப்பவர்கள் பழைய உடுப்பு மூட்டை கட்ட முன்னர் ஒரு தடவை போன் எடுத்துக் கேளுங்கள். சேறு தள்ளும் பிரஷ், பூட்ஸ், குளோரின், சனிட்டரி நப்கின், கொப்பி புத்தகம், இப்படித்தான் பதில் வரும். பணமாகத் தருவதென்றால் பாதியை மழை இல்லாத மாதங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் கோடுகள் மங்கியிருக்கின்றன, இந்த பெப்ரவரியில் மறுபடி போடவேண்டும்.