லேப்டொப் திரையில் ஒரு புள்ளி மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு லேப்டொப் வாங்கப் போகிறவர்கள் புரொசெசர் எந்தத் தலைமுறை, மெமரி எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம் என்றெல்லாம் விவரமாகக் கேட்பார்கள். "தம்பி, ஸ்கிரீனை ஒருக்கால் முழுக்கக் கறுப்பாக்கிக் காட்டுங்கோ" என்று கேட்பவர்கள் அரிது. வீட்டுக்குக் கொண்டுபோய், இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கும்போதுதான் இருண்ட காட்சியின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி அசையாமல் நிற்பது கண்ணில் படும். அதைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க முடியாது.

சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்களால் ஆனது. ஆகவே மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் மேலேயே படியவைத்த சொந்த டிரான்சிஸ்டர் (மின்சாரத்தைத் திறந்து பூட்டும் நுண் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது. 15.6 அங்குலத் திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.18 மில்லிமீற்றர், துணைப் பிக்சல் அதில் மூன்றில் ஒன்று. பத்து லட்சத்தில் ஒரு டிரான்சிஸ்டர்தான் பழுதாகும் என்ற அளவுக்குத் தொழிற்சாலை கவனமாக இருந்தாலும் ஒரு திரைக்கு ஆறு புள்ளிகள் கெட்டுப்போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கோளாறே இல்லாத திரைகள் இத்தனை கடைக்கு வருவதுதான் ஆச்சரியம்.

புள்ளி எப்படிக் கெடுகிறது என்று புரிய, நல்ல புள்ளி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்.சி.டி. (திரவப் படிகத்) திரையில் பிக்சல் தானாக ஒளி விடுவதில்லை. பின்னால் எல்.ஈ.டி. விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் முன்னே ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கித் தாள்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் முதல் தாளைத் தாண்டிய ஒளியை இரண்டாவது தாள் மறித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து மைக்ரோமீற்றர் தடிப்பில் திரவப் படிகம் இருக்கிறது. 1888இல் பிரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், ஒரு கொழுப்புச் சேர்மம் 145 பாகையில் உருகிக் கலங்கலாக நின்று, 178 பாகையை எட்டியதும்தான் தெளிவதைக் கண்டார். அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம்: பாயும், ஆனால் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை திரும்பும். அவை திரும்பும் அளவுக்கேற்ப ஒளியின் தளமும் திரும்பும். அதைப் பொறுத்து இரண்டாவது தாளைத் தாண்டி வரும் ஒளி கூடும், குறையும்.

அந்த மின்னழுத்தத்தைக் கொடுப்பதுதான் டிரான்சிஸ்டரின் வேலை. திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் 1080 வரிசைகளுக்கும் மேலிருந்து கீழாக மின்னூட்டம் ஏற்ற வேண்டும். ஒரு வரிசைக்குக் கிடைப்பது சுமார் 15 மைக்ரோவினாடி. வெள்ளவத்தை மாடிவீடுகளில் தண்ணீர் வரும் நேரத்தில் தாங்கியை நிரப்பி, குழாயைப் பூட்டி, அடுத்த முறை வரும்வரை அதை வைத்துச் சமாளிப்பது மாதிரிதான் இதுவும். டிரான்சிஸ்டர் குழாய், அதன் பக்கத்திலுள்ள சின்ன மின்தேக்கி தாங்கி. குழாய் திறக்கவே இல்லை என்றால் தாங்கி காலி. பூட்டாமல் நின்றுவிட்டால் மற்ற வரிசைகளுக்குப் போக வேண்டிய மின்னூட்டமும் இதற்குள் வந்து விழும்.

காலியாக நிற்கும் புள்ளி கறுப்பாகத் தெரியுமா, வெளிச்சமாகத் தெரியுமா என்பது திரையின் வகையைப் பொறுத்தது. மலிவான பழைய லேப்டொப்களில் வரும் டி.என். வகைப் பனலில் (திரைத் தகட்டில்) படிகம் இயல்பாகவே 90 பாகை முறுகி நிற்கும். மின்சாரம் இல்லாவிட்டால் ஒளி தாராளமாக வெளியே வரும். அதனால் டிரான்சிஸ்டர் செத்தால் புள்ளி பளிச்சென்று எரியும். இப்போது பரவலாக விற்கும் ஐ.பி.எஸ். வகைப் பனலில் நேர்மாறு: மின்னழுத்தம் இல்லாத புள்ளி இருட்டு. அதிலே ஒரு புள்ளி அணையாமல் எரிகிறது என்றால் அதற்கு எங்கிருந்தோ மின்னழுத்தம் போய்க்கொண்டிருக்கிறது; கசியும் டிரான்சிஸ்டராக இருக்கலாம், அல்லது தயாரிப்பின்போது விழுந்த தூசித் துணுக்கு இரண்டு மின்பாதைகளை இணைத்திருக்கலாம். வெளிச்சப் புள்ளி என்றால் மாட்டிக்கொண்டது, கறுப்புப் புள்ளி என்றால் செத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வேலைக்கு வசதியான பிரிப்புதான், ஆனால் உள்ளே நடந்தது என்னவென்று அது முழுதாகச் சொல்வதில்லை.

நிறத்தையும் கவனியுங்கள். கறுப்புத் திரையில் மஞ்சள் புள்ளி என்றால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மாட்டியிருக்கின்றன. வெள்ளைத் திரையில் ஊதாச்சிவப்புப் புள்ளி என்றால் பச்சை செத்துவிட்டது. நம் கண்ணுக்குப் பச்சைமேல் தனிப் பாசம். திரையின் வெள்ளையில் நாம் உணரும் பிரகாசத்தில் ஏறத்தாழ 71 சதவீதம் பச்சையிலிருந்து வருகிறது, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. அதனால்தான் பச்சைப் புள்ளி அறையின் மறுபக்கத்திலிருந்தும் எரிச்சலூட்டும். செத்துப்போன நீலத் துணைப் பிக்சலோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தாலும் தெரிய வராது. உங்கள் திரையிலேயே ஒன்று இருக்கலாம்.

வைத்தியத்துக்கு முன் அது பிக்சல்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் புள்ளி தெரிந்தால் கோளாறு மென்பொருளிலோ கிராஃபிக்ஸ் பக்கத்திலோ, திரைமேல் பழியில்லை. பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரையில் போட்டுப் பாருங்கள். உண்மையான பிக்சல் கோளாறுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். எல்லா நிறத்திலும் மங்கலாக, புகை படிந்ததுபோல் தெரிந்தால் பனலுக்கும் பின்னொளிக்கும் நடுவே போன தூசி. மேலிருந்து கீழ்வரை முழுக்கோடு விழுந்திருந்தால் அது பிக்சலே அல்ல, பனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இயக்கிச் சில்லின் இணைப்பு அல்லது கேபிள். கொழும்பின் உப்புக்காற்றும் ஈரமும் பதம் பார்ப்பது இப்படிப்பட்ட இணைப்புகளைத்தான். கண்ணாடிக்குள் அடைபட்ட பிக்சலை அவை எளிதில் தொடுவதில்லை.

இன்னொன்று, புள்ளி நகர்ந்தால் அது எறும்பு. பகிடியில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வரும் சின்னப் பூச்சிகள் சட்டத்தின் இடுக்கால் உள்ளே போய்விடும். விரலால் நசுக்கினால் சடலம் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிரந்தரக் கறுப்புப் புள்ளியாகிவிடும். லேப்டொப்பை அணைத்து, அறையை இருட்டாக்கி, பக்கத்தில் ஒரு மேசை விளக்கை எரியவிடுங்கள். தானாக வெளியே வர வாய்ப்புண்டு.

சரி, உண்மையான மாட்டிக்கொண்ட புள்ளிக்கு என்ன செய்யலாம்? பலரும் சொல்வது, அந்த இடத்தில் நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி மின்னவிடும் இலவச மென்பொருள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. திரவப் படிகத்துக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால் அதிலுள்ள அயன் அழுக்குகள் ஒரு பக்கம் சேர்ந்துவிடும்; அதைத் தவிர்க்கத்தான் எல்.சி.டி. திரைகள் மின்னழுத்தத்தின் திசையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இயங்குகின்றன. தேங்கிய மின்னூட்டத்தால் தடுமாறும் புள்ளியை வேகமாக ஆட்டிவிட்டால் அது வழிக்கு வரக்கூடும். உடைந்த டிரான்சிஸ்டர் எத்தனை மணிநேரம் மின்னினாலும் ஒட்டாது. செலவில்லாத முயற்சி என்பதால் செய்து பார்க்கலாம், ஆனால் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஓலெட் திரையில் இந்த வேலையே வேண்டாம். அங்கே ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் மின்னவிடும் நேரமெல்லாம் அதன் ஆயுளிலிருந்து போகிறது.

துணி சுற்றிய பென்சிலால் புள்ளியை அழுத்தச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையிலுள்ள நாலைந்து மைக்ரோமீற்றர் இடைவெளியை நுண்ணிய தாங்குதூண்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அழுத்தினால் அவை மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும் மெல்லிய படலத்தைக் கீறிவிடும். ஒரு புள்ளியை எடுக்கப் போய் ஒரு தேமல் வரும். முடி உலர்த்தியால் சூடாக்குவதும் அதே கதைதான், முனைவாக்கித் தாள் சூட்டைத் தாங்காது.

தொழிற்சாலைகளில்கூடப் பிடிவாதமான வெளிச்சப் புள்ளிகளைக் குணப்படுத்துவது அரிது. லேசரால் இணைப்பை வெட்டிக் கறுப்பாக்கிவிடுவார்கள். இருட்டில் எரியும் புள்ளியைவிட வெளிச்சத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கண்ணை உறுத்துவது குறைவு.

வாரண்டியில் மாற்றித் தருவார்களா என்பது அடுத்த கேள்வி. ஒரு புள்ளிக்காகத் திரையை மாற்ற மறுப்பதற்குப் பின்னால் உலகத்தர விதியொன்று இருக்கிறது. 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரம், கோளாறு எண்ணிக்கையைப் பொறுத்துத் திரைகளை வகுப்புகளாகப் பிரித்து, இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு, எப்போதும் அணைந்த புள்ளி இரண்டு, துணைப் பிக்சல் கோளாறு ஐந்து வரை அனுமதித்தது. ஃபுல் எச்.டி. திரைக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். 2008இல் ஐ.எஸ்.ஓ. 9241 தொடர் அதன் இடத்துக்கு வந்தது, வகுப்பு முறை தொடர்கிறது. கொம்பனிக்குக் கொம்பனி எண்ணிக்கை வேறுபடும்; சில உயர்விலை மாதிரிகளுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தாலே மாற்றித் தருவார்கள். அதை எழுத்தில் பார்ப்பது நல்லது. கடைக்காரரின் "அதெல்லாம் பிரச்சினையில்லை அண்ணே" என்பது வாரண்டி அட்டையில் இருக்காது.

வாரண்டி முடிந்திருந்தால் பனலையே மாற்றுவதுதான் வழி. ஒரு புள்ளிக்காக அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. நாலைந்து புள்ளி, அதுவும் நடுவில் என்றால் யோசிக்கலாம். அதுவரை, எரியும் புள்ளிக்கு வெளிர்நிறப் பின்னணியும், அணைந்த புள்ளிக்கு இருண்ட பின்னணியும் வைத்தால் தொல்லை பாதியாகக் குறையும். மாற்றுவதென்றால் பழைய பனலின் முதுகிலுள்ள ஸ்டிக்கரில் மாடல் இலக்கத்தைப் பார்த்து, இணைப்பான் 30 பின்னா 40 பின்னா என்று சரிபார்த்த பிறகு வாங்குங்கள். புதுப் பனலும் அதே சலுகை எண்ணிக்கையோடுதான் வரும் என்பதால், சட்டத்தைப் பூட்ட முதல் கேபிளை மட்டும் செருகி எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமலே அந்தக் கேபிளில் கைவைக்கும் கடை என்றால் வேறு கடை பார்ப்பது நல்லது. பின்னொளிக்கான ஃபியூஸ் தாய்ப்பலகையில் இருக்கிறது, மின்சாரம் இருக்கும்போது கேபிள் கொஞ்சம் சாய்வாகச் செருகுப்பட்டாலே அது போய்விடலாம்.