கழுந்தும் துளையும்: தில்லியின் ஈரத்தைத் தாங்கும் கதவு

வைகாசியில் ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும்போது தடையின்றிச் சாத்திய மரக்கதவு, ஆடி பிறந்து மழை பிடித்ததும் நிலையில் உரசத் தொடங்குவது, மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன தொல்லைதான். ஆனால் உப்பிய கதவும் மூட்டு விட்டுப் பிரிவதில்லை. அதற்குக் காரணம், சட்டங்களைப் பிணைக்கும் கழுந்து இணைப்பு.

குறுக்குச் சட்டத்தின் நுனியை இருபுறமும் செதுக்கி நாக்குப்போல் மெலிதாக்கினால் கிடைப்பது கழுந்து. அது நுழைவதற்காக நெடுஞ்சட்டத்தில் உளியால் வெட்டப்படும் குழி துளை. கழுந்தின் தடிமன் சட்டத்தின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருப்பது வழக்கம். அதைவிடப் பருத்தால் துளையின் சுவர்கள் பிளக்கும், மெலிந்தால் கழுந்தே முறியும். ஜெர்மனியின் லைப்சிக் அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட, 7000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓக் மரக் கிணற்றுச் சட்டகங்களிலும் இதே இணைப்பு காணப்படுகிறது. அதைச் செய்தவர்களிடம் உலோகக் கருவி எதுவும் இல்லை.

மரத்தின் நார்கள் நீளவாக்கில் அடுக்கப்பட்ட நுண்குழாய்கள். ஒரு சட்டத்தின் அறுத்த முனையை மற்றொன்றின் பக்கத்தில் வெறுமனே ஒட்டினால், அக்குழாய்கள் பசையை உறிஞ்சிவிடுவதால் பிடிப்பு வலுவற்றுப் போகும். கழுந்தின் இரு பக்கங்களோ நார் நீளவாக்கில் ஓடும் பரப்புகள். துளையின் உட்சுவர்களும் அவ்வாறே இருப்பதால், பசை அங்கே உறுதியாகப் பற்றும்.

இனி ஈரத்துக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருக்கும்போது மரத்தின் நீரளவு சுமார் 6 விழுக்காட்டிலும், காற்றின் ஈரப்பதம் 80 ஆகும்போது சுமார் 15 விழுக்காட்டிலும் நிலைகொள்ளும். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது தேக்கு ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகச் சொற்பம். இக்கணக்கின்படி, பலகைகளை அருகருகே ஒட்டிச் செய்த 800 மில்லிமீட்டர் அகலக் கதவு, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே அதிகபட்சம் 14 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். சட்டம் கட்டிய கதவில் குறுக்குச் சட்டங்கள் நீளவாக்கில் கிடப்பதால் அவை ஏறக்குறைய அசைவதில்லை. இரண்டு நெடுஞ்சட்டங்களின் அகலம் மட்டுமே, அதாவது மொத்தம் சுமார் 200 மில்லிமீட்டர் அகல மரம் மட்டுமே, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. அந்த மூன்று மில்லிமீட்டரைத்தான் ஆடி மாதத்தில் நிலையில் உரசக் கேட்கிறோம்.

சட்டங்களுக்கு நடுவே அமையும் பலகையை, அவற்றின் உள்விளிம்பில் வெட்டிய வரிப்பள்ளத்தில் பசையின்றிச் செருகுவதும் இதே காரணத்தால்தான். உறுதி கூடுமென்று அதையும் ஒட்டிவிடுவோர் உண்டு. அப்படி ஒட்டிய பலகை, விரியவும் சுருங்கவும் இடமின்றி வறண்ட கோடையில் நடுவே பிளந்துவிடும்.

பசை கைவிட்டாலும் பிரியாதபடி, பழைய தச்சர்கள் கழுந்தினூடே மர ஆணியும் அடிப்பார்கள். கழுந்தில் இடும் ஓட்டையைச் சட்டத்தின் ஓட்டைக்கு நேராக இடாமல், ஓரிரு மில்லிமீட்டர் கழுந்தின் அடிப்பக்கம் தள்ளி இடுவதில்தான் நுட்பம் இருக்கிறது. ஆணி உள்ளே இறங்க இறங்க, குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தோடு இறுகிக்கொள்ளும். கீர்த்தி நகர்ச் சந்தையில் கதவு வாங்குவோர் அதன் வெளிவிளிம்பைப் பார்ப்பது நல்லது: மறுபுறம் வரை ஊடுருவும் கழுந்தானால், அதன் அறுத்த முனையும் அதில் இறக்கிய ஆப்பும் அங்கே தெரியும்.